மூன்று மாத ஓட்டம், ஒரு நாள் மேட்ச்: கல்லூரி ஃபுட்பால் டீமில் பையன் சேர்ந்தால்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகன் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாம் ஆண்டு. போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "ஃபுட்பால் டீம்ல செலக்ட் ஆயிட்டேன், பூட்ஸ் வாங்கணும்" என்றானாம். அப்பா தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். கேள்வியும் கணக்காகத்தான் வந்திருக்கிறது. சீசன் எத்தனை மாதம், செலவு எவ்வளவு, படிப்பு கெடுமா, நாளைக்கு வேலைக்கு உதவுமா? கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்று: மேட்ச் நடக்கும்போது நான் போய்ப் பார்க்கலாமா?

நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். பையன்கள் வாயில் பி.டி. சார். இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. டிவியில் பார்க்கிற மாதிரி வாரம் ஒரு மேட்ச், புள்ளிப் பட்டியல் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜூலையில் ஓட ஆரம்பிப்பான். செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஒரு நாள் விடியற்காலையில் பஸ் ஏறிப் போவான். தோற்றால் அன்று சாயங்காலமே சீசன் முடிந்துவிடும்.

ஏன் அப்படி என்றால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியைப் பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது. நம்ம பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1997-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளும் அதற்குள் அடக்கம். ஒரு கல்லூரி போட்டியை ஏற்று நடத்தும், மற்றவர்கள் அங்கே போய் ஆடுவார்கள். இத்தனை அணிகளை வைத்து லீக் நடத்தினால் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் பெரும்பாலும் நாக் அவுட். 16 அணி வந்தால் மொத்தம் 15 மேட்ச். அதில் 8 அணிகள் முதல் மேட்சிலேயே மூட்டை கட்டும். நீங்கள் மண்டிக்காரர், இந்தக் கணக்கு உங்களுக்குச் சட்டென்று புரியும். கொண்டுவந்த சரக்கில் பாதி முதல் ஏலத்திலேயே தள்ளுபடி. போன வருஷம் முதல் நான்கு இடத்தில் வந்த அணிகளை ஃபிக்ஸரில், அதாவது யாரோடு யார் ஆடுவது என்ற அட்டவணையில், நான்கு மூலையில் வைத்துவிடுவார்கள். நம்ம மாதிரி அணி சீட்டு எடுக்கும்போது, அந்த மூலையில் போய் விழக்கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் எடுக்கும். சில வருஷம் அதிர்ஷ்டம் இருந்தால் 'பை' கிடைக்கும், ஆடாமலே அடுத்த சுற்று. (இன்ஜினியரிங் கல்லூரி என்றால் அது அண்ணா பல்கலைக்கழகத்துக் கணக்கு. முதலில் மண்டலத்துக்குள் ஆடி, பிறகு மண்டலங்களுக்கு இடையே ஆடுவார்கள். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிப் பையன்கள் நம்மோடு பழக்க ஆட்டம் ஆடுவார்கள், போட்டியில் சந்திக்க மாட்டோம்.)

அப்போ மூன்று மாதமும் எதற்கு என்று கேட்பீர்கள். பையன் உங்களுக்கு மாறித் தெரியப்போவது அந்த மூன்று மாதத்தில்தான்.

கிரவுண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். சட்டப் புத்தகப்படி ஆடுகளம் 90 முதல் 120 மீட்டர் நீளம், 45 முதல் 90 மீட்டர் அகலம். நம்ம ஊரில் நீளத்துக்குப் பஞ்சமில்லை, புல்லுக்குத்தான் பஞ்சம். செம்மண், சரளை, ஓரத்தில் வேலிக்காத்தான், ஜனவரிக்கு மேல் நெருஞ்சி. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மைதானத்தைக் கூட்டம், விழா என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை வெளியே கொடுத்துவிடுவார்கள். பந்தல் போட்டவர்கள் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், குழியை மூடமாட்டார்கள். மேலே மண் சரிந்து பார்வைக்கு மட்டமாக இருக்கும். பையன் முழு வேகத்தில் ஓடி வந்து அதில் கால் வைப்பான். கணுக்கால் பிசகுவதற்கு எதிரணிக்காரன் வேண்டியதில்லை, அந்தக் குழி போதும். ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் முதல் நாள் பயிற்சியே ஆளுக்கொரு கம்பியை எடுத்துக்கொண்டு வரிசையாக நடந்து, தரையைக் குத்திக் குத்திக் குழி தேடி மண் போடுவதுதான். பந்தைத் தொடுவது மூன்றாவது நாள்.

கோடு போடுவது இன்னொரு வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு நான்கு பையன்கள், ஒரு கயிற்றுச் சுருள், ஆணி, அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் டின்னில் சுண்ணாம்புத் தூள். மூலை சரியாக மட்டத்துக்கு வர வேண்டும். கயிற்றில் 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் முடிச்சு போட்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலை மட்டம் தானாக விழும். கொத்தனார்கள் செய்வது அதுதான். பெனால்டி பாக்ஸ் 16.5 மீட்டர், நடு வட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். கோல் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அந்த உயரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நம்ம வீட்டு நிலைப்படி ஞாபகம் வரும். கோலியாக நிற்கிறவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிசு என்று தெரியும். உங்கள் மகன் இயற்பியல் படிக்கிறவன், கயிறு பிடிக்கிற வேலைக்கு அவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், பாருங்கள்.

இந்தக் கட்டாந்தரை ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது, இதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. காய்ந்த தரையில் பந்து தொப் என்று விழுந்து ஆள் உயரத்துக்கு எழும்பும். சின்ன வயசிலிருந்து இதிலேயே ஆடிய பையனுக்கு, பந்து எழும்பும் வரை அரை நொடி காத்திருப்பது உடம்பில் ஊறிப்போயிருக்கும். எழும்பின பிறகு நெஞ்சில் வாங்கி இறக்குவதில் நம்ம பையன்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் புல் இருக்கிற மைதானத்தில், அதுவும் மழை பெய்த மறுநாள், அந்த அரை நொடிதான் குழி பறிக்கும். பந்து எழும்பாமல் சறுக்கிக்கொண்டு காலடியில் போய்விடும். நம்ம ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், காற்றில் கால் வீசுவான். ஆகஸ்டில் ஒரு தடவையாவது ஈரப் புல்லில் ஆடவைக்க வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தேன். மாவட்ட விளையாட்டரங்கத்தில் இடம் கிடைத்த வருஷங்களில் கொஞ்சம் நடந்தது.

அடுத்தது ஆட்கள். நம்ம மாவட்டங்களில் வாலிபாலும் கபடியும்தான் ராஜா. ஊருக்கு ஊர் வாலிபால் கம்பம் இருக்கும், கோல் போஸ்ட் இருக்காது. பள்ளியிலிருந்தே ஃபுட்பால் ஆடி வருகிறவன் ஒரு டீமில் ஐந்தாறு பேர் இருந்தால் அதுவே நல்ல வருஷம். மீதிப் பேரைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். வாலிபால் பையன் கோலிக்குச் சரியாக இருப்பான், கையும் குதிப்பும் ஏற்கெனவே இருக்கிறது. கபடிக்காரன் பேக், அதாவது தடுப்பு ஆட்டம் ஆடுவான். மோதப் பயப்படமாட்டான், ஆனால் இருபது நிமிஷத்தில் மூச்சு வாங்கும். வத்தல்மலை, சித்தேரி பக்கத்திலிருந்து வருகிறவன் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரப் பக்கமாக, ஓடினால் இரண்டாவது பாதியிலும் அதே வேகம். ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போன கால்.

ஓசூர்ப் பையன்கள் தனி ரகம். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான் என்பதால் கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி. மேட்சை நேரில் பார்த்திருப்பார்கள், சுனில் சேத்ரி பெயர் போட்ட பனியன் வைத்திருப்பார்கள். வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் டர்ஃபில் ஐந்து பேர் ஆட்டம் ஆடிப் பழகியதால் பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். முழு மைதானத்தில் விட்டால் நாற்பது மீட்டர் பாஸ் போடத் தெரியாது, வெயிலும் ஆகாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதிதான். இந்த இரண்டு ரகத்தையும் ஒரே டீமில் கலந்து வைத்த வருஷம்தான் நான் அரையிறுதி பார்த்தேன். ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் பந்தே கொடுக்கமாட்டார்கள். "அவன் தெலுங்குல கத்தறான் சார், புரியல" என்று பென்னாகரத்துக்காரன் வந்து புகார் சொன்னான்.

பயிற்சி என்பது காலை ஆறு மணியிலிருந்து ஏழரை, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. பஸ்ஸில் வந்து போகிற பையனால் காலையில் வர முடியாது. விடுதியில் இருப்பவனுக்கும் தினசரி வந்து போகிறவனுக்கும் இங்கேதான் இடைவெளி விழும். உங்கள் மகன் பாலக்கோட்டிலிருந்து வருகிறவன் என்றால் சாயங்காலம் மட்டும் போதும் என்று பி.டி.யிடம் முதலிலேயே பேசிக்கொள்ளட்டும். சொல்லாமல் காலையில் டிமிக்கி கொடுத்தால் பெயர் கெடும்.

சாப்பாட்டுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பவுடர், டப்பா எதுவும் வேண்டாம். வீட்டில் களி கிண்டுகிறீர்கள் அல்லவா, அதுவே போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூடக் கிடையாது. பயிற்சி முடிந்ததும் ஒரு கடலை உருண்டை, ஒரு வாழைப்பழம். மேட்ச் அன்று காலை மட்டும் களி வேண்டாம், வயிறு கனக்கும். இட்லி போதும். தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். நம்ம மாவட்டத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு ஊருக்குத் தெரிந்த சங்கதி, பல் கறையைப் பார்த்தே எந்தப் பக்கத்துப் பையன் என்று சொல்லிவிடலாம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை தேவலை. கிரவுண்ட் ஓரக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு குடிக்கட்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்தே இரண்டு லிட்டர் பாட்டில்.

செலவு: பூட்ஸ்தான் பெரிய செலவு. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் வாங்குங்கள். நீள ஸ்டட் (அடியில் இருக்கிற குமிழ்) வைத்த பூட்ஸ் டிவியில் பார்க்க நன்றாக இருக்கும், நம்ம சரளைத் தரையில் அது ஆணிச் செருப்பு மாதிரி. ஸ்டட் தரையில் இறங்காது, கால்தான் திரும்பும். குட்டை ஸ்டட் நிறைய இருக்கிற பூட்ஸ் கேளுங்கள். முன்னங்கால் எலும்புக்குக் காப்பாகப் போடுகிற ஷின் கார்டு அவசியம், அது இல்லாமல் ரெஃப்ரி உள்ளேயே விடமாட்டார். ஜெர்ஸி கல்லூரி கொடுக்கும். பஸ் செலவு, படிக்காசு கல்லூரி விளையாட்டு நிதியிலிருந்து வரும். உங்களிடம் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிய பணம்தான் அது, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இப்போது கோலை விடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்: எலிஜிபிலிட்டி ஃபார்ம். இந்தப் பையன் இந்தக் கல்லூரியில் ஒழுங்காகச் சேர்ந்து படிக்கிறான், வயது வரம்புக்குள் இருக்கிறான் என்று முதல்வர் கையெழுத்துப் போட்டுப் போட்டோ ஒட்டி அனுப்புகிற தாள். கூடவே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அசல், அடையாள அட்டை, கட்டண ரசீது. மேட்ச் அன்று காலை ரெஃப்ரி விசில் ஊதுவதற்கு முன்பு ஒரு மேசையில் இதையெல்லாம் சரிபார்ப்பார்கள். எதிரணி மேனேஜர் நம்ம ஃபார்மை நம்மைவிடக் கவனமாகப் படிப்பார்.

ஒரு வருஷம் எங்கள் நடுக்கள ஆட்டக்காரன், டீமுக்கே அச்சாணி மாதிரி இருந்தவன், முன்பு வேறொரு கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு எங்களிடம் வந்திருந்தான். பழைய இடத்தில் கட்டண பாக்கி என்று அசல் சான்றிதழைத் தராமல் வைத்திருந்தார்கள். நகலை வைத்துச் சேர்க்கை முடிந்துவிட்டது, இங்கேயும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பையன் ஜெர்ஸி போட்டுக்கொண்டு பூட்ஸ் கயிறு கட்டிய நிலையில் கோட்டுக்கு வெளியே நின்றான். மேட்ச் முழுக்க உட்காரவில்லை. எங்கள் பக்கம் பந்து வெளியே போனால் ஓடி எடுத்துக் கொடுத்தான். 0-2 தோல்வி. அந்த பாக்கி எட்டாயிரம் ரூபாய்க்குள்தான் இருக்கும், முன்பே சொல்லியிருந்தால் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து கட்டியிருப்போம். தவறு என்னுடையதும்தான், ஜூலையில் கேட்க வேண்டியதை அக்டோபரில் கேட்டேன். ஆகவே உங்கள் மகனுடைய அசல் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கல்லூரியில் கொடுத்திருந்தால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

அந்த அரையிறுதிக் கதையைச் சொல்கிறேன், ஒரு சீசன் எப்படி முடியும் என்று உங்களுக்கு அதில் தெரிந்துவிடும். சேலம் பக்கம் ஒரு கல்லூரி நடத்திய போட்டி. முந்தின நாள் இரண்டு மேட்ச் ஜெயித்து, அங்கேயே ஒரு வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிவிட்டுப் படுத்தோம். காலையில் கால் இறுதி, 1-0. மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நம்ம பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம், போட்டியும் அப்போதுதான் வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் நவம்பரில் செமஸ்டர் பரீட்சை, அதற்குமுன் முடித்தாக வேண்டும் என்பார்கள். முதல் பாதியில் மழை கொட்டியது. பந்து சட்டப்படி 410 முதல் 450 கிராம். தையல் பிரிந்த பழைய பந்து ஈரத்தில் ஊறினால் எவ்வளவு இருக்கும் என்று அன்றைக்கு யாராவது தராசில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். முன்பு சொன்ன அரை நொடிக் கதை அப்படியே நடந்தது. நீளமாக வந்த பந்து எழும்பும் என்று எங்கள் ஸ்டாப்பர் நின்றான், அது சறுக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனது. 0-1.

இரண்டாவது பாதியில் ஒரு கார்னர். ஓசூர்ப் பையன் எடுத்தான், பென்னாகரத்துக்காரன் தலையால் முட்டினான். தெலுங்கு புரியாது என்று புகார் சொன்ன அதே பையன்தான். 1-1. நேரம் முடிந்து டை பிரேக்கர், பக்கத்துக்கு ஐந்து பெனால்டி அடி. பெனால்டி புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. ரெஃப்ரி இரண்டு கை மண் அள்ளிப் போடச் சொல்லி, மேலே சுண்ணாம்பைத் தூவி, "இதான் புள்ளி" என்றார். எங்கள் கோலி ஒன்றைத் தடுத்தான். எங்கள் ஆள் ஒருவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஐந்தாவது அடி எங்கள் கேப்டன். கோல் அடித்தால் ஆட்டம் நீளும். ஓடி வந்து இடது காலை ஊன்றினான், போட்ட மண் நழுவியது, பந்து மேல் கம்பியைத் தாண்டி பின்னால் இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் போய் விழுந்தது. 3-4. போன பந்தைத் தேடி எடுத்துவர அவனே போனான். வர ரொம்ப நேரம் ஆனது, யாரும் போய்க் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் லாரி நெரிசல். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் அசையவில்லை. ஒருத்தரும் பேசவில்லை. கடைசியில் பின் சீட்டிலிருந்து கேப்டன் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏதோ அழப்போகிறான் என்று நான் தயாரானேன். "சார், நாளைக்கு எங்களுக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். ஓ.டி. லெட்டர்ல இன்னைக்கு வரைக்கும் மட்டும் போடுங்க. நாளைக்குப் போடாதீங்க, நான் போயிடறேன்" என்றான்.

படிப்பு கெடுமா என்ற கேள்விக்கு அவன்தான் பதில். ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாக வெளியே போனதாகக் கணக்கு, வருகைப் பதிவில் கை வைக்கமாட்டார்கள். 75 சதவீத வருகை வேண்டும் என்ற விதிக்கு அது பாதுகாப்பு. சீசன் முழுக்கச் சேர்த்தால் போட்டிக்காக நாலைந்து நாள்தான் வகுப்பு போகும். பயிற்சி நேரம் வகுப்பு நேரத்தில் வராது. அறிவியல் பையனுக்கு ஒரே சிக்கல் லேப். தவறிய பிராக்டிகலை யாரும் திரும்ப நடத்தித் தரமாட்டார்கள், அதைப் பேராசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு பிரிவோடு முடித்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை ஃபுட்பாலால் அரியர் வைத்தவர்கள் குறைவு. மேட்ச் முடிந்த பிறகும் கிரவுண்டைக் காரணம் காட்டிச் சுற்றியவர்கள்தான் வைத்தார்கள். உங்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைப் பாருங்கள். செம்மண் ஏறியிருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கல்லூரி டீமில் ஆடியதற்குக் கிடைக்கிற சான்றிதழ் சுவரில் மாட்டிக்கொள்ளத்தான். வேலைக்கு உதவுவது அதற்கு மேலே உள்ள படி. இந்தப் போட்டி நடக்கும்போதே பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். தோற்ற அணியிலிருந்தும் எடுப்பார்கள், இதுதான் சின்னக் கல்லூரிப் பையனுக்கு ஒரே வாசல். தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டு, கடைசியில் பல்கலைக்கழக அணி. அந்த அணி தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகும், அதை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். அங்கே முன்னணியில் வருகிறவர்கள் அகில இந்திய அளவில் ஆடுவார்கள். 2020-இல் ஒடிசாவில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் அந்தப் பாதையில்தான் போக வேண்டும்.

பல்கலைக்கழக அணியில் ஒரு தடவை ஆடிவிட்டால், மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது தகுதியாக எடுத்துக்கொள்ளப்படும். படிவம் 3 என்று ஒன்று உண்டு, அதில் பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆடிய வருஷமே வாங்கிவிட வேண்டும். ஐந்து வருஷம் கழித்துப் போனால் பதிவேடு தேட வைப்பார்கள். தமிழ்நாடு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அதற்கு இன்னும் உயர்ந்த அளவில் சாதிக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு அறிவிப்பையும் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இது தவிர முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரிப் பிரிவு தனியாக உண்டு. முதலில் மாவட்ட அளவில் நடக்கும், அதற்கும் பெயர் பதிவு செய்யச் சொல்லுங்கள். கூடுதலாக இரண்டு மேட்ச் கிடைத்த மாதிரி இருக்கும்.

என் பையன்களில் பல்கலைக்கழக அணி வரை போனவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். மற்றவர்களில் பலர் பட்டம் முடித்து பி.பி.எட். படித்து உடற்கல்வி ஆசிரியரானார்கள். அது இரண்டு வருஷப் படிப்பு, ஆடிய அனுபவம் அங்கே கணக்கில் வரும். ஒருவன் ரெஃப்ரி ஆகியிருக்கிறான். ஆடும்போது அதிகமாக மஞ்சள் அட்டை வாங்கியவன் அவன்தான்.

அடிபட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாக்கள் கேட்பார்கள். கணுக்கால் பிசகினால் ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வு. உருவிவிடுகிறேன், நீவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் அன்றைக்கு விடாதீர்கள். முட்டி 'டொக்' என்று சத்தம் கேட்டு வீங்கினால், ஊன்றும்போது கால் வழுக்குகிற மாதிரி இருந்தால், அது லிகமெண்ட், அதாவது எலும்புகளை இணைக்கிற தசைநார், கிழிந்ததாக இருக்கலாம். புத்தூர்க் கட்டுக்குப் போகாமல் நேராக எலும்பு டாக்டரிடம் போங்கள். நல்ல விங் ஆட்டக்காரன் ஒருவன் ஆறு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்து, பிறகு ஓடவே முடியாமல் போனதைப் பார்த்தவன் சொல்கிறேன். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கிராமங்களில் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற போட்டி வைப்பார்கள், பரிசுப் பணம் இருக்கும், பையன் கட்டாயம் போக ஆசைப்படுவான். போகட்டும், ஆட்டம் அதில்தான் பழகும். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வு முகாமுக்கு முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். அங்கே ரெஃப்ரி பாதி நேரம் ஊர்க்காரராக இருப்பார்.

கடிதத்தின் ஓரத்தில், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளும் ஆடக் கேட்கிறாள், சிரித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். நம்ம மாவட்டக் கல்லூரிகளில் மாணவியர் அணிக்குப் பதினோரு பேர் சேர்ப்பதே கஷ்டம். அதனால் ஓரளவு ஆடத் தெரிந்த பெண்ணுக்கு டீமில் இடம் கிடைப்பது அண்ணனைவிடச் சுலபம். பள்ளியிலேயே ஆரம்பிக்கட்டும்.

கடைசிக் கேள்வி. மேட்ச் பார்க்க வரலாமா? தாராளமாக வாருங்கள். கல்லூரி மேட்சுக்கு டிக்கெட் கிடையாது, கேட்டில் கேட்டால் மகன் ஆடுகிறான் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள். போட்டி எந்தக் கல்லூரியில் என்று ஒரு வாரம் முன்புதான் உறுதியாகும். பல்கலைக்கழக வளாகத்திலேயே வைத்தால் உங்களுக்கு நல்லது, தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் சேலத்துக்கு முன்பே கருப்பூரில் இறங்கிக்கொள்ளலாம். ஒன்பது மணி மேட்ச் என்றால் பத்தரைக்குத் தொடங்கும், அதற்காகத் தாமதமாகவும் வராதீர்கள். கோலுக்குப் பின்னால் நிற்க வேண்டாம், நடுக்கோட்டுப் பக்கம் நில்லுங்கள், இரண்டு பக்கமும் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அந்த நேரம் பார்த்துப் பந்து வரும். ஒரு குடை, பையனுக்கு மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி, டீமில் இருக்கிற பதினாறு பேருக்கும் ஆளுக்கொன்று வருகிற மாதிரி வாழைப்பழம். மண்டியிலிருந்து வருகிறவருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.